மணல் மேட்டுக்காகத் தங்கவயல் போன கதை

ராமேஸ்வரத்துக்காரி கோலார் தங்கவயலுக்கு முள்மரம் பார்க்கப் போனேன் என்றால் சிரிப்பீர்கள். வீட்டிலும் சிரித்தார்கள். எங்கள் தெருவுக்கும் கடலுக்கும் நடுவே ஒரு மணல் மேடு. அது முழுக்கச் சீமைக் கருவேலம். வேறு ஒரு புல்லை முளைக்க விடாது. அத்தனையையும் ஒரேயடியாகப் பிடுங்கிவிட, திங்கட்கிழமைக்கு ஜேசிபி பேசிவிட்டார் ஊர்க் கமிட்டித் தலைவரான என் அண்ணன். எனக்கு உள்ளூரப் பயம். இப்போதெல்லாம் புயல் வருகிற வேகம் முன்பு மாதிரியா இருக்கிறது? மரம் போனபின் மேடு நிற்குமா?

வேலையாகச் சென்னை வந்திருந்தேன். பெங்களூரிலிருந்து சித்தி மகள் போனில் சொன்னாள்: "என்கூட வேலை பாக்குற ஸ்டெல்லா ஊர்லயும் இதே முள்ளுதான். அவங்க எடுத்துட்டு வேற நட்டுட்டாங்க. போய்ப் பாரு." ஞாயிற்றுக்கிழமையே கிளம்பிவிட்டேன்.

காலை ஏழே முக்காலுக்குச் சென்னையில் ரயில் ஏறி, பன்னிரண்டு வாக்கில் பங்காருப்பேட்டையில் இறங்கினேன். அங்கிருந்து தங்கவயலுக்குப் பஸ்ஸில் சுமார் பதினைந்து கிலோமீட்டர். பிறகு ஆண்டர்சன்பேட்டைக்கு ஆட்டோ, நூறு ரூபாய். கன்னடத்தில் இரண்டு வாக்கியம் மனப்பாடம் செய்து வைத்திருந்தது வீண். ஆட்டோக்காரர், "இன்னாம்மா, டம்ப் பாக்கணுமா? சினிமா ஷூட்டிங்கா?" என்றார். முள்மரம் பார்க்க என்றேன். கண்ணாடியில் என்னை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார்.

தங்கம் பிரித்தபின் கொட்டிய கல்மாவுதான் இந்த டம்ப். சயனைடு கலந்தது, மலை மலையாக நிற்கிறது. அதன் அடிவாரத்திலேயே, சுரங்கத் தொழிலாளருக்கு வரிசையாகக் கட்டிய லைன் வீடுகள். ஸ்டெல்லா சர்ச் முடிந்து வந்து வாசலில் நின்றிருந்தார். தினமும் ரயிலேறி பெங்களூர் போய்வருகிறவர், என் வயதுதான் இருக்கும்.

"மொதல்ல நாங்க பண்ண கூத்தக் கேளுங்க" என்று ஆரம்பித்தார். தெருவில் எல்லாருமே சுரங்கக் குடும்பம். வெடி வைத்தால் உடைந்த கல்லை அந்த ஷிப்ட்டிலேயே அள்ளிச் சுத்தமாக்குவது அவர்கள் பழக்கம். அதே வேகத்தில் டம்ப் சரிவில் இருந்த முள் முழுவதையும் வெட்டி அள்ளிவிட்டார்கள். "கோடையில காத்து வந்துச்சு பாருங்க! சோத்துல மண்ணு, தொட்டியில மண்ணு. எம் பொண்ணு மூச்சு உட முடியாம ஆஸ்பத்திரியில கெடந்தா. அண்டர்கிரவுண்டுல பில்லர் உடாம எவனாச்சும் வெட்டுவானா? மேல வந்ததும் மறந்துட்டோங்க."

கூரை இறங்காமலிருக்கச் சுரங்கத்துக்குள் வெட்டாமல் விடும் கல் தூண்தான் பில்லர். முள் மறுபடி தழைத்தபின் அதே முறையில் இறங்கினார்கள். சரிவில் ஒரு பட்டை நிலத்து முள்ளை வெட்டுவது, பக்கத்துப் பட்டையை பில்லராக விடுவது. வெட்டிய இடத்தில் வெட்டிவேரும் நொச்சியும் நட்டு, அது வேர் பிடித்தபின்தான் பில்லரில் கை வைப்பது. இப்போது ஒரே ஒரு பில்லர் பாக்கி, ஸ்டெல்லா வீட்டுக்கு நேர் எதிரே. "இந்த மழ முடியட்டும்னு உட்டு வெச்சிருக்கோம். அவசரப்பட்டு ஒருவாட்டி பட்டது போதும்" என்றார்.

கதவைத் திறந்து வைத்தே சாப்பிட்டோம். களியும் கோழிக் குழம்பும். வெளியே நல்ல காற்று, தட்டில் ஒரு துளி தூசி இல்லை. ஆஸ்பத்திரியில் கிடந்த அந்தப் பெண் இரண்டாவது உருண்டை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். எனக்கு மனசு நிறைந்துபோயிற்று.

அங்கிருந்தே அண்ணனுக்குப் போன் போட்டு, பாதியை விட்டுவைக்கச் சொன்னேன். "ஏத்தா, கிறுக்கா ஒனக்கு? நாளைக்கு வெட்ட வண்டி இப்பவே வந்து நிக்கிது!" என்று கத்தினார். போனை ஸ்டெல்லாவிடம் கொடுத்துவிட்டேன். "அண்ணா, எம் பொண்ணு கதையக் கேட்டுட்டு அப்புறம் வெட்டுங்க" என்று தொடங்கியவர், கால் மணி நேரம் விடவில்லை.

போகிறவர்களுக்கு: டம்ப் மேல் ஏறாதீர்கள், அது பூங்கா அல்ல. காற்றுக் காலத்தில் மாஸ்க் அவசியம். வீடுகளைக் கேட்காமல் படம் எடுக்காதீர்கள். பார்த்த செடியையே உங்கள் ஊரில் நடவும் வேண்டாம். வெட்டிவேர் அந்த மண்ணுக்கு. எங்கள் மணலுக்கு, கடலோரம் தானாகப் படரும் அடும்புக் கொடியும் ராவணன் மீசைப் புல்லும்தான் சரி.

திரும்பும் வழியில், பங்காருப்பேட்டை பிளாட்பாரத்தில் இதை எழுதிக்கொண்டிருந்தபோது அண்ணன் கூப்பிட்டார். குரலில் இன்னும் கோபம்.

"பாதிதான் எடுக்கப் போறோம். எந்தப் பாதின்னு நீயே வந்து கோடு கிழி. அதுவரைக்கும் ஜேசிபி சாவி என் சட்டைப் பையிலதான் இருக்கும்."