துக்கத்துக்கு வந்தவர்களும் ஒரு ஓட்டும்

ரிண்டலாவின் அப்பா நக்லே இறந்த இருபத்திரண்டாம் நாள் பொதுத் தேர்தல். அதற்குள் யாருக்கு ஓட்டுப் போடுவது என்று அவள் ஒரு முடிவுக்கு வரவேண்டும். அவளுக்குள் முடிவெடுக்கிற இடம் மரத்துப்போயிருந்தது. நெடுநேரம் மடக்கி உட்கார்ந்த கால் மாதிரி, இருப்பது தெரிந்தது, வலி தெரியவில்லை.

அவளுக்கு நாற்பத்து மூன்று வயது. திரிபோலியில் ஒரு மருத்துவமனையில் கருவிகளைப் பழுதுபார்க்கும் வேலை. மூச்சுக் கருவி, சொட்டு மருந்துப் பம்பு, ஈசிஜி, எது நின்றாலும் அவளைத்தான் கூப்பிடுவார்கள். வந்ததும் வாயைத் திறக்கமாட்டாள். முதலில் மின்கம்பியைப் பிடுங்கிச் செருகிப் பார்ப்பாள். பாதி நாள் கோளாறு அங்கேதான் இருக்கும். நர்சுகள் அவளுக்கு 'பிளக்கு' என்று பெயர் வைத்திருந்தார்கள். அது அவளுக்கும் தெரியும், ஆட்சேபணை இல்லை. வேலை நாட்களில் நகரத்தில் ஓர் அறை. சனி ஞாயிறுகளில், கூரா மேட்டில் ஒலிவத் தோப்புகளுக்கு நடுவே கிடக்கும் கஃபர்ஸீனாவில் அப்பா அம்மாவோடு. குடும்பப் பதிவு அந்த ஊரில் என்பதால் ஓட்டும் அங்கேதான்.

"நீ கல்யாணம் பண்ணியிருந்தா உன் ஓட்டு இந்நேரம் புருஷன் ஊருக்குப் போயிருக்கும். ஒருத்தனையும் பிடிக்கலன்னுட்ட. போகட்டும், நம்ம வீட்டுக்கு ஒண்ணு மிச்சம்" என்று ஒவ்வொரு தேர்தலுக்கும் சொல்வார் அனீஸ் சித்தப்பா.

அனீஸ் நக்லேயின் தம்பி. ஊரில் பாதிப் பேருக்கு அவருடைய ஆலையில்தான் ஒலிவ எண்ணெய் பிழிவார்கள். தேர்தல் வந்தால் வீட்டின் ஓட்டுகள் இத்தனை, இன்னாருக்கு என்று வாக்குக் கொடுப்பதும் அவர்தான். அந்தப் பொறுப்பை யார் கொடுத்தது என்று யாரும் கேட்டதில்லை. போன தேர்தலில் பதினொன்று. இப்போது பத்து.

நக்லேக்கு நுரையீரல் பழுது. இரவும் பகலும் ஆக்சிஜன் இயந்திரம் ஓட வேண்டும். அரசாங்க மின்சாரம் நாளைக்கு இரண்டு மணி நேரம். ஊர் ஜெனரேட்டர் நள்ளிரவில் நின்றால் காலை ஆறுக்குத்தான் உயிர் பெறும். நடுவிலிருந்த ஆறு மணி நேரத்துக்கு ரிண்டலா இரண்டு பேட்டரிகளும் ஓர் இன்வெர்ட்டரும் வைத்துக் கொடுத்தாள். பேட்டரிகள் மருத்துவமனையில் கழித்துப் போட்டவை, மூன்று வருடப் பழசு. மேலே ஒட்டியிருந்த கொள்ளளவு எண்ணை எடுத்தாள், அதில் பாதியை மட்டும் நம்பினாள், ஆறு மணி நேரத்துக்குச் சரியாக வந்தது. பழைய பேட்டரியின் மேல் ஒட்டியிருப்பது அதன் இளமைக் காலத்துக் கதை. அது அவளுக்குத் தெரியாததல்ல. அளந்து பார்த்திருக்க வேண்டும். அடுத்த வாரம் மீட்டர் கொண்டுவருகிறேன் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனாள்.

அந்த வாரம் மருத்துவமனை வேலையில் அவள் ஊருக்கு வரவில்லை. ஞாயிறு விடியுமுன் நாலு மணிக்கு இயந்திரம் நின்றது. சத்தம் நின்றதில்தான் அம்மா மார்சேல் விழித்துக்கொண்டாள். மாற்று ஆக்சிஜன் உருளை காலி, நிரப்பும் கடை திங்கட்கிழமைதான் திறக்கும். அனீஸ் அண்ணனை முதுகில் தூக்கிக் காரில் போட்டுக்கொண்டு பறந்தார். பாதி வழியில் வேகத்தைக் குறைத்தார். அவ்வளவுதான்.

மூன்று நாள் மாதா கோயில் மண்டபத்தில் துக்கத்துக்கு உட்கார்ந்தார்கள். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம், எல்லோருக்கும் சர்க்கரையில்லாத காபி. தேர்தல் நேரமாதலால் கூட்டத்துக்குக் குறைவில்லை. தொகுதியில் நிற்கிறவர்களில் ஐந்து பேர் வந்தார்கள். நஸ்ரி பைலூனி இரண்டு முறை வந்தார். மூன்று தலைமுறையாகப் பாராளுமன்றத்தில் உட்கார்ந்த குடும்பம் அவருடையது. ஊரில் எல்லோரும் அவரை மரியாதையாக 'உஸ்தாத்' என்பார்கள். ஊர் ஜெனரேட்டரை ஓட்டுகிறவன் அவருடைய ஆள்.

மூன்றாம் நாள் மண்டபத்தைப் பெருக்கி முடிப்பதற்குள் அனீஸ் பேச்சை எடுத்துவிட்டார்.

"மொத நாளும் வந்தாரு, மூணாம் நாளும் வந்தாரு. நம்ம சாவுக்கு வந்து நின்னவனுக்கு நாம பெட்டி முன்னாடி போய் நிக்கணும். பத்துன்னு சொல்லிட்டேன்."

"யாரக் கேட்டு சொன்னீங்க சித்தப்பா?"

"யாரக் கேக்கணும்? செத்தவனையா?"

ரிண்டலா நாற்காலிகளை அடுக்கினாள்.

அவர்கள் ஓட்டுப் போடும் அறைக்கு வாக்காளர்கள் முந்நூறு பேர்கூட இல்லை. எண்ணும்போது ஒவ்வொரு சீட்டையும் உரக்கப் படிப்பார்கள், வேட்பாளர்களின் ஆட்கள் குறித்துக்கொண்டே இருப்பார்கள். எந்த வீட்டில் எத்தனை என்பது முன்பே பாடம். ஒன்று குறைந்தால், பொழுது சாய்வதற்குள் அது எந்த வீடு என்று கண்டுபிடித்துவிடுவார்கள். பொய்யாகிப் போவது அனீஸ் கொடுத்த வாக்கு. ஆலையை விட்டால் அவருக்கு ஊரில் இருந்த சொத்து அது ஒன்றுதான். அதோடு, அண்ணனை முதுகில் தூக்கிச் சுமந்தவர்.

வெற்றுச் சீட்டைப் போட்டுவிடலாம் என்று முதலில் நினைத்தாள். சட்டத்தைத் தேடிப் படித்தாள். பாராளுமன்றத்தில் ஓர் இடத்துக்கு இத்தனை ஓட்டு வேண்டும் என்று வகுக்கும்போது வெற்றுச் சீட்டுகளையும் மொத்தத்தில் சேர்த்துக்கொள்கிறார்கள். மொத்தம் ஏறினால் சின்ன அணிகளின் வேட்பாளர் பட்டியல்கள் ஓர் இடமும் கிடைக்காமல் வாசலிலேயே நின்றுவிடும். ஆக அதுவும் பெரிய இடத்துக்கே போய்ச் சேருகிறது. போகாமலே இருந்துவிட்டாலும் பத்தில் ஒன்று குறையத்தான் செய்யும்.

பழைய குடும்பங்களுக்கு எதிராகச் சேர்ந்து நின்றவர்களின் மாற்றுப் பட்டியல் ஒன்றும் இருந்தது. முதல் பெயர் டாக்டர் லமீஸ் ஸாலூம், பக்கத்து ஊர் கிளினிக்கில் இருப்பவர். அவர்கள் பக்கமிருந்து துக்கத்துக்கு ஒருவரும் வரவில்லை. பத்து நாள் கழித்து அவர்களுக்கு வேலை செய்யும் ஓர் இளைஞன் தொலைபேசியில் வந்தான்.

"உங்கப்பாவைக் கொன்னது இந்த ஜெனரேட்டர் கும்பல்தான் மேடம். நீங்க ரெண்டே நிமிஷம் பேசினாப் போதும், வீடியோ எடுத்துப் போட்டுடுவோம். பாக்கறவங்க அத்தன பேரும் அழுதுடுவாங்க."

"எனக்கே இன்னும் அழுகை வரல" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

அவன் சொன்னது பொய் என்று அவள் நினைக்கவில்லை. ஜெனரேட்டரை நிறுத்தியது அவர்கள். ஆறு மணி நேரம் தாங்கும் என்று கணக்குப் போட்டது அவள். கோபத்தோடு போய் ஓட்டுப் போட்டால் தன் பிழையையும் சேர்த்து அவர்கள் தலையில் கட்டியதாகிவிடும். அதற்கும் முதலில் கோபம் என்று ஒன்று வரவேண்டுமே.

தேர்தலுக்கு முந்தின புதன்கிழமை நஸ்ரி மூன்றாவது தடவையாக வந்தார், இம்முறை வீட்டுக்கு. ரிண்டலா துக்க விடுப்பில் வீட்டில்தான் இருந்தாள். அவருக்கு அறுபது வயது, மெதுவான குரல். அனீஸ் வாசல்வரை போய் அழைத்து வந்தார். மார்சேல் காபி வைத்தாள்.

"நக்லே மாதிரி ஒரு மனுஷன் இனிமே எங்க கெடைப்பாரு? அவருக்குப் பதிலா நீங்க எல்லாரும் நல்லா இருக்கணும்" என்றார்.

"உங்க வார்த்தை போதும் உஸ்தாத்" என்றார் அனீஸ்.

"ஜெனரேட்டர் ராத்திரி ஆறு மணி நேரம் நிக்குது. அத நாலா கொறைக்க முடியுமா?" என்று கேட்டாள் ரிண்டலா.

அனீஸ் அவளைப் பார்த்த பார்வையில் எண்ணெய் கொதித்தது. நஸ்ரி கிண்ணத்தைக் கீழே வைத்தார்.

"கொறைக்கறேன்னு சொல்லிட்டுப் போகலாம்மா. ஒரு வார்த்தைதானே. சொல்லமாட்டேன். டீசலுக்கு நான் எங்க போறது? எங்கப்பா ரோடு போட்டாரு. எனக்கு ரோடு போடவும் வழியில்ல, கரன்ட்டு கொண்டாரவும் வழியில்ல. உங்க வீட்டுல நல்லது கெட்டதுன்னா வந்து நிப்பேன். என் கையில இருக்கறது அது ஒண்ணுதான்."

பொய் சொல்லியிருந்தால் ரிண்டலாவுக்கு வேலை சுலபமாகியிருக்கும்.

அவர் போன பிறகு மார்சேல் கிண்ணங்களை எடுத்தாள். "நல்ல மனுஷன்தான். காபிய மிச்சம் வெக்கல."

"நீ யாருக்கும்மா போடப் போற?"

"அனீஸ் காட்டற ஆளுக்குத்தான். எனக்கு யோசிக்க இப்ப தெம்பில்ல. நீயும் யோசிக்காத. உடம்பு இளைச்சுப் போற."

மறுநாள் கதவிடுக்கில் ஒரு துண்டறிக்கை கிடந்தது. மாற்றுப் பட்டியலுடையது. ஊழல், நீதி என்று வழக்கமான தலைப்புகள். கடைசிப் பக்கத்தில் சின்ன எழுத்தில் ஒரு திட்டம்: வீட்டில் ஆக்சிஜனில் இருப்பவர்கள் இரவில் வந்து படுக்க கிளினிக்கில் நாலு கட்டில், கூரையில் சூரியத் தகடு, கீழே எட்டு பேட்டரி. வெயிலில்லாவிட்டாலும் இரண்டு இரவு தாங்கும் என்று எழுதியிருந்தது. ரிண்டலா நின்றபடியே கணக்குப் போட்டாள். பிறகு உட்கார்ந்து இன்னொரு தடவை போட்டாள். அதிலிருந்த எண்ணுக்குத் தொலைபேசினாள். கணக்கு தப்பு, இதைப் போட்டது யார் என்று கேட்டாள். எடுத்தவனுக்குத் தெரியவில்லை. கால் மணி நேரத்தில் திரும்ப அழைப்பு வந்தது.

"நான் லமீஸ். கணக்கு தப்புன்னு சொன்னது நீங்களா?"

"ஆமா. ரெண்டு ராத்திரி தாங்காது. ஒரு ராத்திரியே முழுசா தாங்காது."

"ஏன்?"

"பேட்டரி மேல போட்டிருக்கறத அப்படியே எடுத்திருக்கீங்க. அதுல பாதிக்கு மேல இழுத்தா பேட்டரி கெட்டுடும். இன்வெர்ட்டர் தன் பங்குக்குக் கொஞ்சம் தின்னும். மிச்சத்துல நாலு இயந்திரம் ஆறு மணி நேரம் ஓடாது. விடியற நேரத்துக்குக் கிட்ட வந்து நின்னுடும்."

"இருங்க, எழுதிக்கறேன்… சரி. அப்ப எத்தனை வேணும்?"

"புதுசுன்னா பன்னெண்டு. பழசுன்னா அளக்காம சொல்லமாட்டேன்."

"எங்களுக்குக் கெடைக்கறது பழசுதான்."

"அப்ப ஆறு மாசத்துக்கு ஒருக்கா அளக்கணும். ஆள் இருக்கா?"

"இல்ல."

"நீங்க ஜெயிப்பீங்களா?"

மறுமுனையில் சிரிப்பு. "கஃபர்ஸீனாவுல எனக்கு ஒரு ஓட்டு விழுந்தாலே அதிசயம்."

"ஜெயிக்கலன்னா?"

"கிளினிக்ல டாக்டராத்தான் இருப்பேன். பேட்டரிய ஒண்ணொண்ணா வாங்குவேன்."

தான் நக்லேயின் மகள் என்று ரிண்டலா சொல்லவில்லை. டாக்டருக்குத் தெரிந்ததாகவும் தோன்றவில்லை. பதினோரு நிமிடப் பேச்சில் ஒருமுறைகூட யாரும் அவளுக்கு ஆறுதல் சொல்லவில்லை. சாயங்காலம் ஒரு படம் வந்தது. துண்டறிக்கையில் 'எட்டு', 'இரண்டு இரவு' இரண்டும் பேனாவால் அடிக்கப்பட்டு, 'பன்னிரண்டு, அளந்த பிறகே' என்று பக்கத்தில் எழுதியிருந்தது. விநியோகிக்காமல் இருந்த அத்தனையிலும் அப்படிக் கையாலேயே திருத்துகிறோம் என்று ஒரு வரி.

ஓட்டுப் போட அது ஒரு காரணமா என்று கேட்டால் அவளால் பதில் சொல்லியிருக்க முடியாது. பிழை என்றதும் அன்றைக்கே திருத்தினார்கள். இந்த மூன்று வாரத்தில் அவள் அதை வேறெங்கும் பார்க்கவில்லை. தன்னிடமும்.

ஞாயிற்றுக்கிழமை காலை அனீஸ் காரில் வந்தார். மார்சேலுக்கு முழங்கால் வலி, பள்ளிக்கூடம்வரை நடக்க முடியாது. அவள் முன்னால் ஏறிக்கொண்டாள், ரிண்டலா பின்னால். பள்ளிக்கூட மதில் தெரிந்ததும் ரிண்டலா சொன்னாள்:

"சித்தப்பா, என் ஓட்டு நஸ்ரிக்கு இல்ல."

அனீஸ் வண்டியை ஓரங்கட்டினார்.

"பின்ன? அந்த டாக்டரம்மாவுக்கா?"

"ஆமா."

"நம்ம துக்கத்துக்கு எட்டிப் பாத்தாளா அவ?"

"இல்ல. வராதது தப்புதான்."

"தப்புன்னு தெரிஞ்சே போடுவியா? எண்ணும்போது தெரிஞ்சுடும்டி! என் மூஞ்சிய நான் எங்க கொண்டு வெச்சுக்கறது?"

"எண்ணும்போதுதான் உங்களுக்குத் தெரிய வேணாம்னு இப்ப சொல்றேன்."

"பெரிய உபகாரம் பண்ணிட்ட." அவர் கண்ணாடியில் அவளைப் பார்த்தார். "அவங்கதான் உங்கப்பாவைக் கொன்னுட்டாங்கன்னு நெனைக்கிறியா?"

"பேட்டரி பழசு சித்தப்பா. நான் அளக்கல."

அதை அவள் வாய்விட்டுச் சொன்னது அன்றுதான். மார்சேல் திரும்பவில்லை. கைப்பையின் வாரை விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள், மறுபடி சுற்றினாள். அனீஸ் எஞ்சினை அணைத்தார். வெளியே யாரோ கொடியாட்டிக்கொண்டு போனார்கள். அவர் சட்டைப் பையிலிருந்து தொலைபேசியை எடுத்தார்.

"நான் அனீஸ். பத்துன்னு சொல்லியிருந்தேன்ல, ஒம்போதுன்னு போட்டுக்கோ… ஏன்னா? எங்கண்ணன் போனதுல ரெண்டு கொறஞ்சுடுச்சு. ஆமாம்பா, ரெண்டு. உங்க உஸ்தாத்துக்குத் தெரியும் எங்க நெலம, அவருதான் வந்து உக்காந்தாரே."

வைத்துவிட்டு, அவள் பக்கம் பார்க்காமல் சொன்னார்: "எறங்குங்க. கூட்டம் சேந்துடும்."

அறையில் அடையாள அட்டையைக் கொடுத்தாள். தொலைபேசியை மேசைமேல் வைத்தாள். சீட்டையும் உறையையும் வாங்கிக்கொண்டு அட்டைத் தடுப்புக்குப் பின்னால் போனாள். சீட்டில் எல்லா முகங்களும் வரிசையாக இருந்தன. நஸ்ரியின் படம் இருபது வருடப் பழசு. லமீஸின் பெயருக்கு எதிரே குறி போட்டாள். பேனா முதலில் எழுதவில்லை. இரண்டாம் முறை அழுத்திப் போட்டாள். ஏதாவது தோன்றுமா என்று ஒரு கணம் நின்றாள். ஒன்றும் தோன்றவில்லை. உறையைப் பெட்டியில் போட்டு, கட்டைவிரலை மையில் முக்கிவிட்டு வெளியே வந்தாள்.

அனீஸ் வாசலில் நஸ்ரியின் ஆட்களோடு நின்றிருந்தார். ஒருவன் பட்டியலை விரலால் தட்டிக்கொண்டிருந்தான்.

"அண்ணன் போனாரு, ஒண்ணு கொறஞ்சுது, புரியுது. அந்த ரெண்டாவது யாரு அனீஸ் அண்ணே?"

"நான்தான்டா. வயசாயிடுச்சில்ல, கை நடுங்கி மாத்திப் போட்டுட்டேன்."

அவர்கள் சிரித்தார்கள். அனீஸ் சிரிக்கவில்லை. மார்சேல் படியிறங்கக் கை நீட்டினாள். ரிண்டலா இடது கையால் அம்மாவைப் பிடித்துக்கொண்டாள். வலது கட்டைவிரலில் மை இன்னும் காயவில்லை. அதைத் துணியில் படாமல் தள்ளிப் பிடித்தபடி காரை நோக்கி நடந்தாள்.