மூன்று ஷிஃப்டுக்கு ஒரு லாரி

சக்கரபாணி திட்டியவர்கள் எழுதியதை மட்டும்தான் படிப்பார். கம்ப்யூட்டர் கேம் விற்கும் தளத்தில் கோடைத் தள்ளுபடி தொடங்கிவிட்டால், வேலை முடிந்து வந்து, குளித்து, சட்டை மாட்டி, பொத்தான் எல்லாம் போட்டுக்கொண்டு கம்ப்யூட்டர் முன்னால் உட்காருவார். வெற்றுடம்போடு உட்கார மாட்டார். ஒவ்வொரு கேமுக்குக் கீழேயும் வாங்கியவர்கள் எழுதியிருக்கும் அபிப்பிராயங்களில் கட்டைவிரல் கவிழ்ந்திருப்பவற்றை மட்டும் பொறுக்குவார். ஆங்கிலம் எழுத்துக்கூட்டித்தான் வரும் என்றாலும், வசவு எந்த மொழியில் இருந்தாலும் அவருக்குப் புரிந்துவிடும்.

"நல்லா இருக்குன்றவன் சும்மா சொல்லிட்டுப் போய்டுவான் சார். திட்றவன் எவ்ளோ நேரம் ஆடிட்டுத் திட்றான்னு பக்கத்துலயே போட்டிருக்கும். அதப் பாக்கணும். பத்து நிமிஷம் ஆடிட்டுத் திட்னான்னா கேமு மோசம். வருஷக்கணக்கா ஆடிட்டுத் திட்னான்னா கண்ண மூடிக்கினு வாங்கலாம். அது பொண்டாட்டியத் திட்ற மாதிரி."

"கேட்டுச்சு" என்று சமையலறையிலிருந்து அவர் மனைவி பெரியநாயகியின் குரல் வரும்.

சக்கரபாணிக்குச் சொந்த ஊர் வடக்குத்து. நெய்வேலி டவுன்ஷிப்பில் எனக்கு எதிர் வரிசைக் குவார்ட்டர்ஸில் இருக்கிறார். இந்த மே மாதம் வரை சுரங்கத்தில் கன்வேயர் ஆபரேட்டர். மண்ணைச் சுமந்து போகும் பெல்ட் ஒழுங்காக ஓடுகிறதா என்று ஷிஃப்ட் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்கிற வேலை. நாற்பதைத் தாண்டியவர், மீசையில் ஒரு பக்கம் மட்டும் நரை. கல்யாணப் பந்தியிலோ ரேஷன் கடை வரிசையிலோ பார்த்தால் அவரிடம் விசேஷமாக எதுவும் தெரியாது. கேம் என்று வந்தால்தான் மனிதர் வேறு ஆள்.

அவரோடு கூட்டுச் சேர்ந்தவர்கள் இரண்டு பேர். நாமக்கல் பக்கத்திலிருந்து வந்து இங்கே வேலைக்குச் சேர்ந்த வேலுமணி ஒருவர், பண்ருட்டி நிஜாமுதீன் மற்றவர். மூன்று பேருக்கும் ஒரே பெல்ட், ஷிஃப்ட் மட்டும் வேறு. ஒருவர் வந்து ரிலீவ் செய்தால்தான் மற்றவர் இடத்தை விட்டு நகர முடியும். ஆகவே சுரங்கத்தில் ஒருவர், படுக்கையில் ஒருவர், வீட்டில் விழித்தபடி ஒருவர் என்று வருஷக்கணக்காகச் சுற்றிக்கொண்டிருந்தார்கள். அந்தத் தளத்தில் ஒரு அக்கவுண்டை வைத்து ஒரு நேரத்தில் ஒருவர்தான் ஆட முடியும். இன்னொருவர் நுழைந்தால் முதல் ஆளை வெளியே தள்ளிவிடும். நமக்கு அது போதுமே, எந்த நேரத்திலும் நம்மில் ஒருவர்தானே சும்மா இருக்கிறோம் என்று கண்டுபிடித்தவர் சக்கரபாணி. அக்கவுண்ட் ஒன்று, பாஸ்வேர்ட் ஒன்று, கம்ப்யூட்டர் மட்டும் மூன்று வீட்டில். இதற்கு அந்தத் தளத்தின் விதிகளில் இடம் உண்டா என்று ஒருமுறை கேட்டேன்.

"அவன் நெய்வேலிய நெனச்சா ரூல் போட்டிருப்பான்?" என்றார்.

2013 கோடையில் கூட்டு தொடங்கியபோது அவர்கள் வாங்கிய முதல் கேம் லாரி ஓட்டுவது. ஐரோப்பாவில் ஊர் ஊராக லோடு கொண்டுபோக வேண்டும். காசு சேர்ந்தால் புது வண்டி, புது ஷெட். கம்பெனிக்குப் பெயர் கேட்ட இடத்தில் 'த்ரீ ஷிஃப்ட் ரோட்வேஸ்' என்று போட்டார்கள். ஒருவர் விட்ட இடத்திலிருந்து மற்றவர் எடுப்பார். போலந்தில் சக்கரபாணி ஏற்றிய மரத்தை வேலுமணி ஜெர்மனி வழியாகக் கொண்டுபோவார், நிஜாமுதீன் பிரான்சில் இறக்குவார். ஷிஃப்ட் மாறும்போது பெல்ட் சமாசாரமும் லாரி சமாசாரமும் ஒன்றாகவே கை மாறும். "அந்தக் கோடி ரோலர் கத்திக்கினு இருக்கு, பாத்துக்க. டேங்க்ல டீசல் கால்வாசிதான் இருக்கு, ஊரு தாண்டினதும் போட்டுடு." இதில் எது நெய்வேலி, எது ஐரோப்பா என்பது அவர்களுக்குத் தெரியும்.

ஓட்டுவதில் சக்கரபாணிக்கு ஒழுக்கம் அதிகம். வடக்குத்து வளைவில் ஹார்ன்கூட அடிக்காமல் வண்டியைத் திருப்புகிறவர், பெல்ஜியத்தில் ஈ காக்கை இல்லாத சிக்னலில் சிவப்பு மாறுகிறவரை கையைக் கட்டிக்கொண்டு காத்திருப்பார். நைட் ஷிஃப்ட் முடிந்து கண் சிவந்து வந்த நாளிலும், திரைக்குள் இருக்கும் டிரைவருக்குக் கொட்டாவி வந்தால் உடனே வண்டியை ஓரங்கட்டி அவனைத் தூங்க வைத்துவிடுவார். "அவன் தூங்கணும்ல சார்" என்பார். நீங்கள் எப்போது தூங்குவீர்கள் என்று பெரியநாயகி கேட்டுக் கேட்டு ஓய்ந்துபோனார்.

ஒரே ஒரு தடவை என்னை ஓட்டவிட்டார். சுங்கச்சாவடித் தூணில் கொண்டுபோய் மோதினேன். அவர் என்னைத் திட்டவில்லை. ஆனால் விஷயத்தை அடுத்த ரிலீவில் சொல்லி ஒப்படைத்திருக்கிறார். பல நாள் கழித்து, முன்பின் பழக்கமில்லாத நிஜாமுதீன் என்னைக் கடைத்தெருவில் நிறுத்தி, "சார், முன் பம்பர் போயிடுச்சு சார்" என்றார். ரிப்பேர் செலவைக் கேட்பாரோ என்று சட்டைப்பையைத் தொட்டுக்கொண்டேன்.

தள்ளுபடிக்கு ஒரு கேம் என்பது கூட்டின் சட்டம். அது மூன்று பேருக்கும் பிடிக்க வேண்டும். வேலுமணிக்கு வண்டி வேண்டும், நிஜாமுதீனுக்குத் துப்பாக்கி, சக்கரபாணிக்கு அணையோ ரயில் பாதையோ ஏதாவது கட்ட வேண்டும். தள்ளுபடி தொடங்கிய அன்றே கூடையை நிரப்பிவிடுவார். பிறகு ஒவ்வொன்றாக எடுத்து வெளியே போடுவார். பண்ருட்டியில் பலாப்பழத்தைத் தட்டிப் பார்ப்பதுபோல ஒவ்வொன்றின் படத்தையும் நிறுத்தி நிறுத்திப் பார்ப்பார். "தொண்ணூறு பர்சென்ட் தள்ளிட்டான்னா, எவனும் சீண்டலன்னு அர்த்தம். அம்பதுன்னா இன்னும் எறங்குவான், விடு." அவருக்குப் பிடித்தது எழுபத்தைந்து. டாலரில் இருந்த விலையைத் தளம் ரூபாய்க்கு மாற்றியபோது எல்லாரும் மகிழ்ந்தார்கள். இவர் மட்டும் சந்தேகப்பட்டார். "நம்மளக் கண்டுக்கினான் சார். இனிமே உஷாரா இருக்கணும்."

மற்ற இருவரோடு கலந்து பேசக் கிடைப்பது அந்த ரிலீவ் நேரம்தான். பெல்ட் இரைச்சலில் பேச்சு காதில் விழாது, கையால்தான் பேச வேண்டும். சக்கரபாணி ஸ்டியரிங் திருப்பிக் காட்ட, நிஜாமுதீன் அவர் நெஞ்சுக்கு நேரே துப்பாக்கி பிடித்துச் சுட்டதைத் தூரத்திலிருந்து பார்த்த ஒரு இன்ஜினியர், ஆட்களுக்குள் என்ன தகராறு என்று பதறிக்கொண்டு வந்தாராம். இப்படியே பேரம் நீண்டு, தள்ளுபடி முடிகிற அன்றுதான் பணம் கட்டுவார்கள். வாங்கியதைக் கொஞ்ச நாள் ஆடிவிட்டு மூவரும் பழையபடி லாரிக்கே திரும்பிவிடுவார்கள். இவ்வளவு கூட்டாளிகளாக இருந்தும் மூன்று பேரும் ஒன்றாக உட்கார்ந்து ஒரு டீ குடித்ததில்லை. குடிக்க நேரம் அமைந்ததில்லை.

மே மாதம் சக்கரபாணிக்கு ஜெனரல் ஷிஃப்ட் கிடைத்தது. ஸ்டோர்ஸில் வேலை. டவுன்ஷிப்பில் இது லேசுப்பட்ட விஷயம் இல்லை. காலையில் போய் மாலையில் வந்துவிடலாம், ராத்திரி ஊரோடு சேர்ந்து தூங்கலாம். பெரியநாயகி சர்க்கரைப் பொங்கல் செய்து எங்கள் வரிசை முழுக்கக் கொடுத்தார். "இனிமே வூட்டுக்காரரு வூட்ல இருப்பாரு" என்று அவர் சொன்னபோது சக்கரபாணியும் சிரித்தார். அவருக்கும் சந்தோஷம்தான்.

முதல் வாரத்திலேயே சிக்கல் வந்தது. மாலையில் இவர் லாரியை எடுக்கிற நேரத்தில், ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் முடித்து வந்த வேலுமணியும் வீட்டில் இருந்தார். இவர் நுழைந்தால் அவர் நடுரோட்டிலிருந்து வெளியே தள்ளப்பட்டார். அவர் திரும்ப நுழைந்தால் இவர் வெளியே. இந்தத் தள்ளுமுள்ளில், இரண்டு கம்ப்யூட்டரிலும் சேமித்திருந்த ஆட்டத்தில் எதை வைத்துக்கொள்ளட்டும் என்று தளம் கேட்க, சக்கரபாணி அவசரத்தில் பழையதை அமுக்கிவிட்டார். நிஜாமுதீன் பாடுபட்டு மலை ஏறி இத்தாலி வரை கொண்டுபோயிருந்த லோடு அப்படியே மறைந்துபோனது.

"பரவால்லண்ணே, இன்னொரு வாட்டி ஓட்டிக்கலாம்" என்று நிஜாமுதீன் போனில் சொன்னார். வேலுமணியும் அதையேதான் சொன்னார். திட்டியிருந்தால் தேவலை என்று சக்கரபாணி என்னிடம் வருத்தப்பட்டார்.

ஜூனில் தள்ளுபடி வந்தது. லாரி கேம் சரியாக எழுபத்தைந்து சதவீதம் இறங்கியது. ஒரு பிரியாணிப் பொட்டலத்தைவிட மலிவு. அன்று மாலை நிஜாமுதீன் போன் செய்தார்.

"அண்ணே, எதுக்கு ஒருத்தர ஒருத்தர் தள்ளிவுட்டுக்கினு? இந்த வெலைக்கு ஆளுக்கு ஒண்ணு வாங்கிட்டா வேல முடிஞ்சுது."

நியாயமான பேச்சு. குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் விலை இறங்கட்டும், இறங்கட்டும் என்று இத்தனை வருஷம் காத்திருந்தவர், இறங்கிய விலையைப் பார்த்து முகம் வாடிப்போனார். அது ஏறியே இருந்திருந்தால் கூட்டுக்கு ஒரு காரணம் இருந்திருக்கும். இனி ஆளுக்கு ஒரு கம்பெனி. அவர் விட்ட இடத்திலிருந்து எடுக்க யாரும் இல்லை, அவர் எடுப்பதற்கும் யாரும் விட்டுவைக்கப் போவதில்லை. எனக்கு இந்த விளையாட்டெல்லாம் புரியாது. அந்த முகம் புரிந்தது.

"யோசிச்சு வாங்கலாம்" என்று நிஜாமுதீனிடம் சொல்லிவிட்டார். மூன்று வருஷமாக ஓட்டுகிற கேமுக்குக் கீழே போய் ஒவ்வொரு திட்டாகப் படிக்க ஆரம்பித்தார். ஒருநாள் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார்.

"பாருங்க சார். எந்த ஊர்க்காரனோ, ஆயிரம் மணி நேரம் ஓட்டிட்டு, ரோட்ல யாருமே இல்லன்னு எழுதிக்கினு இருக்கான்."

"அப்ப நல்ல கேம்தானே? உங்க கணக்குப்படி?"

அவர் அடுத்த திட்டைத் தேடி உருட்டினார்.

தள்ளுபடி முடிவதற்குள் வேலுமணியும் நிஜாமுதீனும் சேர்ந்து ஒரு பிரதி வாங்கி அவருக்குப் பரிசாக அனுப்பிவிட்டார்கள். ஜெனரல் ஷிஃப்ட் கிடைத்ததற்கு எங்கள் அன்பளிப்பு என்று எழுதியிருந்தார்கள். அதில் கெட்ட எண்ணம் துளியும் இல்லை. பழைய பாஸ்வேர்டைக்கூட அவர்கள் மாற்றவில்லை. சக்கரபாணிதான் அந்த அக்கவுண்டில் நுழைவதை நிறுத்திக்கொண்டார். புது அக்கவுண்டில் கேமைத் திறந்தபோது நான் பக்கத்தில் இருந்தேன். ஒரே ஒரு ஊர், ஒரு சின்ன ஷெட், சொந்த வண்டி கிடையாது. கம்பெனி பெயர் கேட்ட இடத்தில் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு 'சக்கரபாணி' என்று அடித்தார். ஒரு லோடு ஏற்றி, கீறல் படாமல் இறக்கினார். டேங்கில் எவ்வளவு டீசல் மிச்சம் என்று சொல்வதற்கு ஆள் இல்லை. "சுத்தமா இருக்கு சார்" என்று சொல்லி அணைத்துவிட்டார். அதன் பிறகு அவர் அதைத் திறந்து நான் பார்க்கவில்லை.

"ராத்திரி வூட்ல இருக்காரு" என்றார் பெரியநாயகி. "இருந்து என்னா? டிவியப் போட்டுட்டு செவுத்தப் பாத்துக்கினு இருக்காரு. இதுக்கா சார் நான் கோயில் கோயிலா வேண்டிக்கினேன்?"

ஜூலைக் கடைசியில் ஒரு சனிக்கிழமை மாலை, சீசன் முடிகிற பலாப்பழம் ஒன்றைத் தூக்கிக்கொண்டு என் வாசலில் வந்து நின்றார். என் ஸ்கூட்டரில் கூட்டிக்கொண்டு போக வேண்டும் என்றார். பழத்தை மடியில் வைத்துப் பின்னால் உட்கார்ந்து வந்தார்.

"எங்க?"

"வேலு வூட்டுக்கு."

இத்தனை வருஷக் கூட்டாளியின் வீட்டுக்கு அவர் போவது அதுதான் முதல் தடவை. வழி தெரியாமல் பிளாக் பிளாக்காக விசாரித்துத்தான் கண்டுபிடித்தோம்.

வேலுமணி லாரியில் இருந்தார். சுவீடனில் ஏதோ ஒரு கிடங்கு, நல்ல மழை. நீண்ட டிரெய்லரை ரிவர்ஸ் எடுத்து, நிற்கிற இரண்டு வண்டிகளுக்கு நடுவே விட வேண்டும். எங்களைப் பார்த்ததும் எழுந்துவிட்டார்.

"வாங்ணா, வாங்ணா. சார், வாங்க. நீங்க உக்காந்து ஓட்டுங்ணா, நான் டீ போடச் சொல்றேன்."

சக்கரபாணி பழத்தைக் கீழே வைத்துவிட்டு அவரைத் தோளைப் பிடித்து உட்காரவைத்தார்.

"நீ ஓட்டு வேலு. நான் சும்மா பாத்துக்கினு இருக்கேன்."

வேலுமணிக்கு இடப்பக்கம் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கிடந்தது. அதில் உட்கார்ந்து திரையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு எழுந்து, நாற்காலியைத் தூக்கிக்கொண்டு சுற்றி வந்து, வலப்பக்கம் போட்டு உட்கார்ந்தார். அங்கே மேஜைக்கும் சுவருக்கும் நடுவே இடம் போதவில்லை. முழங்கால் இடித்தது.

"ஏனுங்ணா, அந்தப் பக்கம் விசாலமாத்தான இருந்துச்சு?"

"அந்த ஊரு லாரிக்கு ஸ்டியரிங் இடது பக்கம். கிளீனர் சீட்டு இதான். நீ எடு."

வேலுமணி ரிவர்ஸ் எடுத்தார். சக்கரபாணி திரையின் வலது ஓரத்தில் தெரிந்த கண்ணாடியை மட்டும் பார்த்தபடி, ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டுகிறவர்போல உடம்பைச் சாய்த்து, மேஜையின் பக்கப் பலகையை உள்ளங்கையால் தட்டத் தொடங்கினார். "வரட்டும்... வரட்டும்... லேசா ஒடி... வரட்டும்..." வேலுமணி தன் பக்கத்துக் கண்ணாடியைப் பார்ப்பதை விட்டுவிட்டு, அந்தக் குரலுக்குத் தக்கபடி ஓட்டினார். டிரெய்லர் இரண்டு வண்டிகளுக்கு நடுவே நுழைந்து, சுவரை நெருங்கியது.

"ஹோல்டான்!" என்று சக்கரபாணி பலகையை ஓங்கி இரண்டு தட்டுத் தட்டினார்.