மாமா கேட்ட தாய்ப்பால்

நான் பால் பரிசோதிப்பவள். திண்டுக்கல்லுக்கு வெளியே ஒரு பால் நிறுவனத்தின் ஆய்வகத்தில் வேலை. கேனில் வரும் பாலில் இருக்க வேண்டியது இருக்கிறதா, இருக்கக் கூடாதது ஏதும் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்வேன். நோய்க்கு ஊசி போட்ட மாட்டின் பால் வந்தால் சோதனையில் தெரிந்துவிடும், திருப்பி அனுப்பிவிடுவோம். இதையெல்லாம் கல்யாணமான புதிதில் வீட்டில் கொஞ்சம் பெருமையாகவே சொல்லியிருந்தேன்.

கொரோனா இரண்டாம் அலை ஓய்ந்த சமயம், மகளுக்கு மூன்று மாதம் நடக்கும்போது, நான் தடுப்பூசி போட்டுக்கொண்டு வந்தேன். மாமியார் வாசலிலேயே மறித்தார்.

"மாட்டுக்கு ஊசி போட்டா பாலைத் திருப்பி அனுப்பிருவோம்னு சொன்னியே. இப்ப உம் பாலை எங்க திருப்பி அனுப்புறது?"

நியாயமான கேள்வி. அன்று இரவுச் சாப்பாட்டின்போது வரிசையாகப் பதில் சொன்னேன். எனக்கு எதையும் வரிசையாகத்தான் சொல்ல வரும். ஒன்று, மாட்டுக்குப் போடுவது கிருமியைக் கொல்லும் மருந்து. எனக்குப் போட்டது உடம்புக்குக் கிருமியை அடையாளம் காட்டும் ஊசி. இரண்டு, அடையாளம் தெரிந்ததும் உடம்பு எதிர்ப்புப் புரதங்களைச் செய்யத் தொடங்கும். அதற்குச் சில வாரம் ஆகும். மூன்று, அதில் கொஞ்சம் தாய்ப்பாலிலும் வரும்; பிள்ளையின் வாயிலும் தொண்டையிலும் குடலிலும் பூசினாற்போல நிற்கும். எவ்வளவு காக்கும் என்று இன்னும் அறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் பால் கொடுப்பதை நிறுத்த வேண்டியதில்லை.

அத்தை சமாதானமாகி அடுத்த தோசைக்கு மாவு எடுக்கப் போனார். மாமனார் தோசையைப் பிட்ட கையோடு அப்படியே இருந்தார்.

"அப்ப ஊசி போட்டுக்கிட்டது நீ. பலன் பாப்பாவுக்கும் போகுது."

"ஆமா மாமா. கொஞ்சம்."

"பாப்பாவுக்கு ஊசி இல்லாமயே."

"ஆமா."

"நல்ல ஏற்பாடுதான்" என்று சொல்லிவிட்டு வழக்கத்தைவிட ஒரு தோசை கூடுதலாகச் சாப்பிட்டார். நான் அதைக் கவனித்திருக்க வேண்டும்.

மாமாவுக்குப் பூ மார்க்கெட்டில் கமிஷன் கடை. விடியும் முன்பே போய், அத்தனை பேர் மூச்சுக்கும் நடுவில் நின்று மல்லிகைக்கும் செவ்வந்திக்கும் விலை கூவுகிறவர். சர்க்கரை நோய் வேறு. அவருடைய ஒரே தம்பி அந்த அலையில்தான் ஆஸ்பத்திரிக்குப் போனவர் திரும்பவில்லை. வீட்டில் தடுப்பூசி போடாமல் மிச்சமிருந்தது மாமா மட்டும். கோயம்புத்தூரில் வேலையிலிருந்த என் கணவர் தினமும் போனில் கெஞ்சினார். அத்தை சோறு போட மாட்டேன் என்றார், பிறகு போட்டார். எல்லோருக்கும் மாமா சொன்னது ஒரே பதில்: "நாளைக்குப் போறேன்."

அடுத்த வாரம் ஒரு மத்தியானம், தொட்டிலை ஆட்டிக்கொண்டிருந்தவர் தொண்டையைச் செருமினார்.

"ஏம்மா, பாப்பா குடிச்சது போக மிச்சம் வருமா?"

"என்ன மிச்சம் மாமா?"

"பால்தான். ஒரு பாலாடை அளவு போதும்." பிள்ளைக்கு மருந்து புகட்டும் அந்த மூக்கு வைத்த சின்னக் கிண்ணத்தைக் கையிலேயே வைத்திருந்தார். கழுவியும் வைத்திருந்தார்.

எனக்குப் புரியச் சற்று நேரமானது. புரிந்த பிறகு என்ன முகம் வைப்பதென்று தெரியவில்லை. மாமா கூச்சப்படவில்லை. அவர் பக்கம் வழக்கம் இருந்தது. எங்கள் தெருவில் யாருக்காவது கண் வலி வந்தால் பிள்ளை பெற்ற வீட்டுக்குச் சங்கோ கிண்ணமோ கொடுத்து அனுப்புவார்கள். இரண்டு சொட்டுத் தாய்ப்பால் வாங்கிக் கண்ணில் விடுவார்கள். கண்ணில் தொற்று கூடிவிடும், டாக்டரைப் பாருங்கள் என்று நான் மூன்று வீட்டுக் கிண்ணங்களைத் திருப்பி அனுப்பியிருந்தேன்.

"கண்ணுக்கு ஊத்துறப்ப யாரும் சிரிக்கிறதில்ல. வாய்க்குன்னா மட்டும் என்ன?" என்றார் மாமா.

"மாமா, அது உங்களுக்கு வேலை செய்யாது."

"ஏன், நானும் இந்த வீட்டுப் பிள்ளதான?"

அதற்குள் விஷயம் மார்க்கெட்டுக்குப் போய்விட்டிருந்தது. யாரோ ஒரு கோழிக்கொண்டைப் பூ வியாபாரி எங்கள் வீட்டுக்கே போன் செய்து, தனக்கும் மனைவிக்கும் கிடைக்குமா, பெரியவர் சொன்னார் என்றார். போனை எடுத்தது அத்தை.

"ஏ மனுசா! மருமக பாலைப் பூ மார்க்கெட்டுல ஏலம் விட்டுட்டா வந்திருக்க?"

"ஏலம் விடல. சும்மா பேச்சுவாக்குல சொன்னேன்."

"பேரன் பேத்திக்குச் சொத்து சேத்து வைக்கிறவன பாத்திருக்கேன். பேத்தி பாலுல பங்கு கேக்குற தாத்தாவ இப்பத்தான் பாக்குறேன்."

பிள்ளை இந்த நேரம் பார்த்து அழுதது. "பாரு, அதுக்கே பொறுக்கல" என்றார் அத்தை.

நான் கோபப்படவில்லை. தவறான முடிவுக்கு வந்தவரைச் சரியான காரணங்களால் திருத்தலாம் என்று நம்பினேன். மறுநாள் மாமாவை உட்கார வைத்து மீண்டும் வரிசையாகச் சொன்னேன். பாலில் வரும் எதிர்ப்புப் பொருள் ரத்தத்தில் போய்ச் சேராது. மேலே பூசிக்கொண்டு நிற்கும், கொஞ்ச நேரத்தில் போய்விடும். பாப்பா மறுபடி மறுபடி குடிப்பதால்தான் மறுபடி மறுபடி பூச்சு. பெரியவர்கள் வயிறு அதைச் சாதாரணப் பாலைப் போலச் செரித்துவிடும்.

மாமா முழுவதையும் பொறுமையாகக் கேட்டார்.

"அப்ப ஒரு தடவை குடிச்சாப் பத்தாது."

"பத்தாது மாமா."

"மூணு மணி நேரத்துக்கு ஒருக்கா குடிக்கணும்."

"நான் அதைச் சொல்ல வரல..."

"மார்க்கெட்டுல இருக்கிற நேரத்துக்கு என்ன பண்றதுன்னு யோசிக்கிறேன்." கொஞ்சம் யோசித்தார். முகம் தெளிந்தது. "வெளியூருக்கு மல்லி அனுப்புற தெர்மாகோல் பெட்டி கிடக்குல்ல? அம்புட்டுப் பூவே வாடாமப் போகுது. அடியில ஐஸ் வச்சு, கொண்டு போயிட்டா?"

ஒவ்வொரு காரணத்தையும் அவர் ஒரு ஏற்பாடாக மாற்றிக்கொண்டிருந்தார். என்னால் முடிந்தது, பாலாடையை எடுத்துக் கண்ணில் படாத உயரத்தில் வைத்ததுதான்.

அந்த மாதம் ஒரு புதன்கிழமை மகளுக்கு மூன்றரை மாத ஊசி. மாமாதான் எப்போதும் ஆட்டோ பிடித்து எங்களைச் சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போவார். போனதும் வெளியே மரத்தடியில் நின்றுகொள்வார். அன்று மழை தூறியது. வேறு வழியில்லாமல் உள்ளே வந்து, தடுப்புத் திரைக்கு வெளிப்பக்கம் முதுகைக் காட்டி நின்றார்.

திரைக்குள் நர்சம்மா, "மாரோட அணைச்சுப் பால் குடுத்துக்கிட்டே இரும்மா, வலி தெரியாது" என்றார். அப்படியே செய்தேன். தொடையில் ஊசி இறங்கியது. மகள் ஒரு சத்தம் போட்டாள், மறுபடி குடிக்கத் தொடங்கினாள்.

"முடிஞ்சுருச்சா?" திரைக்கு வெளியிலிருந்து மாமா.

"முடிஞ்சது மாமா."

"அழுகைய காணோம்?"

"பால் குடிக்கிறா."

"மூச்சு?"

"என்ன மாமா?"

"மூச்சு விடுதான்னு கேட்டேன்."

நான் பிள்ளையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். மாமா அவள் வயிற்றின் மேல் கையை வைத்துப் பார்த்தார். பிறகு என்னைப் பார்க்காமல் பேசினார்.

"ஆஸ்பத்திரில தம்பி எங்கிட்ட நல்லாத்தான் பேசிக்கிட்டு இருந்தான். ஒரு பொண்ணு வந்து ஊசி போட்டுச்சு. என்னை வெளிய போகச் சொன்னாங்க. அம்புட்டுத்தான்."

இந்த முறை ஒன்று, இரண்டு, மூன்று என்று நான் வரிசை போடவில்லை. "சின்ன மாமாவுக்கு நோய் முத்திப்போச்சு மாமா. ஊசியால இல்ல" என்றேன்.

"தெரியும் தாயி. தெரிஞ்சு என்ன பண்ண?"

பக்கத்து அறையில் கொரோனா ஊசி போட்டுக்கொண்டிருந்தார்கள். வரிசையில் இரண்டே பேர். மாமா அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நர்சம்மாவிடம் போனார்.

"பாப்பாவுக்கு வாயில பாலை வச்சுக்கிட்டே போட்டீங்கல்ல?"

"ஆமா."

"எனக்கு என்ன குடுப்பீங்க?"

நர்சம்மா என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"சாப்ட்டு வந்தீங்களா பெரியவரே?"

"காலைல ரெண்டு இட்லி."

"அது போதும். வேணும்னா எதையாச்சும் மென்னுக்கிட்டு வந்து உக்காருங்க."

மாமா தூறலில் நனைந்தபடி வெளியே ஓடி, சிறுமலை வாழைப்பழம் ஒன்று வாங்கி வந்தார். சர்க்கரைக்குப் பயந்து வீட்டில் அத்தை அதைக் கண்ணில்கூடக் காட்டுவதில்லை. அவரிடம் சொல்லிவிடுவேனோ என்பது போல என்னைப் பார்த்தார். சொல்ல மாட்டேன் என்று தலையாட்டினேன். ஸ்டூலில் உட்கார்ந்து, சட்டைக் கையை மடித்து, முழுப் பழத்தையும் உரித்து வாயில் திணித்து, கண்ணை இறுக மூடிக்கொண்டார். அறையில் இருந்த எல்லோரும் அவரையே பார்த்தோம், மகளும் பார்த்தாள்.

"போடும்மா, போடு" என்றார், பழத்துக்குள்ளிருந்து.

"போட்டாச்சு."

கண்ணைத் திறக்கவில்லை. "நிசமாவா? ஏம்மா, நீ பாத்தியா? உள்ள போச்சா?"

"பாத்தேன் மாமா. போயிருச்சு."

அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் போகச் சொன்னார்கள். பெஞ்சில் என் பக்கத்தில், ஊசி போட்ட கையைப் பிடித்தபடி உட்கார்ந்தார். அடிக்கடி கேட்டார்: "நான் நல்லாத்தான இருக்கேன்?" நல்லாத்தான் இருக்கீங்க என்றேன். மறுபடி கேட்டார். மறுபடி சொன்னேன். செத்த நேரத்தில் கேள்வி வரவில்லை. திரும்பிப் பார்த்தேன். சுவரில் தலை சாய்ந்திருந்தது, வாய் லேசாகத் திறந்திருந்தது.

விடியும் முன் எழுகிறவர், தூங்கியிருப்பார். ஊசி போட்டவர்களுக்கு என்னென்ன ஆகலாம், எது எவ்வளவு அரிது என்பதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும், யாரும் பார்க்கிறார்களா என்று பார்த்துவிட்டு, மகளைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டு, மாமாவின் மூக்குக்குக் கீழே என் விரலை நீட்டினேன்.

வாழைப்பழ வாசனையோடு சூடாக வந்தது.