உப்புமாவுக்கு ஓட்டு இல்லை

போன புதன்கிழமை ஒரு சார்ட்டைப் பார்த்துக் கண் கலங்கிவிட்டேன். எழுத்து வாசிக்கத் தெரியாதவன் சார்ட்டைப் பார்த்து எப்படிக் கலங்குவான் என்று கேட்பீர்கள். அதில் எழுத்தே இல்லை... அத்தனையும் படம்!

வழக்கமாக வாசிக்கிறவர்களுக்கு என் கதை தெரியும். புதிதாக வந்தவர்களுக்காக — நான் சொல்லச் சொல்ல மருமகள் எழுதுகிறாள். நான் பள்ளிக்கூட வாசலை மிதித்ததே அறுபது வயதுக்கு மேல்தான். அதுவும் சமைக்க.

பழவங்காடிப் பக்கம், தமிழும் மலையாளமும் கலந்து பேசுகிற இடத்தில், சின்னப் பள்ளிக்கூடம். பாதிப் பிள்ளைகள் கடைக்காரர்கள் வீட்டுப் பிள்ளைகள். அப்பாமார் கடை திறக்கிற அவசரத்தில் வெறும் வயிற்றோடு வந்துவிடும். அதனால் காலைப் பலகாரம் பள்ளியிலேயே. திங்கள் இட்லி, செவ்வாய் புட்டு, புதன் உப்புமா, வியாழன் இடியாப்பம், வெள்ளி தோசை.

மூன்றாம் வகுப்பு விமலா டீச்சர் ஏதோ புது ட்ரெயினிங் போய்விட்டு வந்திருக்கிறார். கணக்கைப் படம் போட்டுச் சொல்லிக்கொடுக்க வேண்டுமாம். ஆளுக்கு ஒரு சின்ன அட்டை. பிடித்த பலகாரத்தை வரைந்து, அந்தந்த வரிசையில் ஒட்ட வேண்டும். எந்த வரிசை நீளமோ, அதுதான் நிறையப் பேருக்கு இஷ்டம். என்னை மாதிரி ஆளுக்கும் புரிகிற கணக்கு!

புரிந்துதான் தொலைந்தது.

இட்லி வரிசை சார்ட்டின் ஓரம்வரை போகிறது. தோசை இரண்டு விரல் குறைவு. புட்டு பரவாயில்லை. இடியாப்பத்துக்கு ஒரே ஒரு அட்டை, அதுவும் அரைகுறைப் படம். உப்புமா? வெறும் வெள்ளை.

பின்னால் ஹெட்மிஸ்ட்ரஸ் குரல். "அண்ணாச்சி கண்டில்லே? பிள்ளைகளுக்கு உப்புமா இஷ்டமில்ல. அடுத்த மாசம் முதல் எல்லாப் புதன்கிழமையும் பிரெட்டும் ஜாமும் மதி, அது போதும், கேட்டோ. அண்ணாச்சிக்கும் ஒரு ரெஸ்ட்."

ரெஸ்ட்! ஒரு நாளில் ஆரம்பிக்கிற ரெஸ்ட் எங்கே போய் முடியும் என்று எனக்குத் தெரியாதா?

அடுப்படிக்கு வந்தால் சாரதா சேச்சி சிரிக்கிறாள். என்னோடு சமைக்கிறவள், புட்டு அவள் பொறுப்பு. "என்டெ புட்டுக்கு ஆறு பேர் உண்டு. அண்ணாச்சியிடெ உப்புமாவுக்கு அண்ணாச்சி மட்டும்!"

சாலைக் கடைத்தெருவில் ஒரு ஓட்டலுக்கு வந்து சேர்ந்தபோது முதலில் என் கையில் கொடுத்த கரண்டி உப்புமாக் கரண்டி. ரவையை எந்த வாசனையில் இறக்க வேண்டும் என்று மூக்குக்குத்தான் தெரியும். ஒருமுறை கல்யாண வீட்டில் சாம்பார் அண்டா கவிழ்ந்து, மாப்பிள்ளையின் சித்தப்பா வேட்டியெல்லாம்... அதை விடுங்கள். மருமகள் பேனாவை மூடுகிறாள்.

எனக்கு ஒன்று மட்டும் பிடிபடவில்லை. புதன்கிழமைதோறும் பாத்திரம் வழித்துத் துடைத்த மாதிரிதான் திரும்பி வருகிறது. தட்டில் கறிவேப்பிலை தவிர மிச்சம் இல்லை. அப்படியானால் ஓட்டு எங்கே போயிற்று?

அந்த வகுப்பு முத்துலட்சுமியைப் பிடித்தேன். உப்புமாவை மூன்று தடவை கேட்டு வாங்குகிறவள்.

"ஏம்பிள்ளே, திங்கது உப்புமா, ஒட்டுனது இட்லியா? நியாயமா இது?"

"எனக்கு உப்புமாதான் இஷ்டம், அண்ணாச்சி."

"பின்னே?"

"அத எப்படி வரையது? இட்லின்னா ஒரு வட்டம், தீந்துது. உப்புமாக்கு என்ன உருவம் இருக்கு?"

பக்கத்திலிருந்த பையன் சொன்னான்: "நான் வரைஞ்சேன், அண்ணாச்சி. டீச்சர் மணலான்னு கேட்டாங்க. அழிச்சுத் தோசையாக்கிட்டேன்."

நாற்பது வருஷமாகக் கிண்டுகிறேன். உப்புமாவுக்கு உருவம் இல்லை என்பது அன்றைக்குத்தான் உறைத்தது!

விமலா டீச்சரிடம் போனேன். "இன்னொரு தடவ வரையச் சொல்லுங்க டீச்சர். வர்ற புதன்கிழமை, சாப்பிட்ட கையோட."

"ரீகவுண்டிங்கோ அண்ணாச்சி?" என்று சிரித்தார். சம்மதித்தார்.

இந்தப் புதன்கிழமை, சேச்சி புட்டு அவிக்கிற தேங்காய்ச் சிரட்டைகளை எடுத்தேன். அடியில் ஒரு முந்திரி, மேலே உப்புமாவை அழுத்தி, தட்டில் கவிழ்த்தேன். குன்று மாதிரி நின்றது, உச்சியில் முந்திரியோடு.

"ஹை, மலை!" என்றார்கள் பிள்ளைகள்.

அரை வட்டம், மேலே ஒரு புள்ளி. இட்லியை விடச் சுலபம்! உப்புமா வரிசை இட்லிக்கு அடுத்தபடியாக நீண்டுவிட்டது. பிரெட்டும் ஜாமும் ரத்து. புட்டு மூன்றாகக் குறைந்ததில் சேச்சி என்னோடு பேசுவதில்லை. "என்டெ சிரட்டை கொண்டுதன்னே என்னைத் தோல்பிச்சு" என்று அடுப்பிடம் சொல்கிறாள். அவள் சிரட்டையை வைத்தே அவளைத் தோற்கடித்துவிட்டேனாம்.

பிடித்ததையா நாம் சொல்கிறோம்? சொல்லச் சுலபமானதைச் சொல்லிவிட்டுப் போகிறோம். கல்யாணமான புதிதில் என்ன வேண்டும் என்று கேட்டால், என் வீட்டுக்காரி "ஒண்ணும் வேண்டாம்" என்பாள். நானும் நம்பினேன்.

இப்போது கடைசி இடத்தில் இடியாப்பம். அதை நிறுத்துவதா என்று ஹெட்மிஸ்ட்ரஸ் இன்னும் முடிவு செய்யவில்லை... அதற்கு ஓட்டுப் போட்ட ஒரே பிள்ளை நூல் நூலாக இன்னும் வரைந்துகொண்டிருக்கிறது.