பதினொரு கொக்கிகள்

“செத்தா நான்தானே சாகப்போறேன், உனக்கென்ன?”

“செத்தவருக்கு ஒண்ணும் தெரியாது. இருக்கிறவதான் தினம் சாகணும்.”

காய்ந்த துணியை நான் மூன்றாவது முறையாக மடித்துக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டுச் சண்டையைக் கேட்க வேறு சாக்கு கிடைக்கவில்லை.

இல்லாததைச் சேர்த்துச் சொல்பவள் என்று தெருவில் எனக்கொரு பெயர் உண்டு. இருக்கட்டும். இதில் ஒரு சொல்கூடச் சேர்க்கவில்லை. என் கண்ணால் பார்த்தது.

சண்டை ஒரு படகுப் பாய்க்காக. அந்த வீட்டுக்காரர் ஓவிய வாத்தியார். சின்னப் பாய்மரப் படகு ஒன்று வைத்திருந்ததால் நாங்கள் வைத்த பெயர் கேப்டன். அவருடைய சிப்பந்திகள் மொத்தமும் மனைவி ஒருத்திதான். படகின் முன் பாய் பழைய மாதிரி. பதினொரு கொக்கிகளால் கம்பியில் மாட்டியது. காற்று ஏறினால், படகின் ஆடுகிற முன்முனைக்குத் தவழ்ந்து போய் ஒவ்வொன்றாகக் கழற்ற வேண்டும். போன மாதம் அங்கே வழுக்கி, ஒற்றைக் கையில் தொங்கியிருக்கிறார். அன்றிலிருந்து அவளுக்குத் தூக்கமில்லை. பாயைச் சுருட்டும் உருளை, ரோலர், பொருத்தினால் முனைக்கே போக வேண்டாம், பின்னால் உட்கார்ந்தபடி கயிற்றை இழுத்தால் பாய் சுருண்டுவிடும் என்று மன்றாடினாள். கொக்கி ஏமாற்றாது, உருளை சிக்கினால் யார் போவது என்பது கேப்டன் கட்சி.

அவள்தான் ஜெயித்தாள். ரோலர் வந்தது. பழைய பாய் மாடிப்படிக்கு அடியில் போனது.

பொருத்திய மெக்கானிக் ஒன்றே ஒன்றுதான் சொன்னார். பாய் விரியும்போது கயிறு உருளையில் போய்ச் சுற்றும்; அப்போது அதை இறுக்கிப் பிடித்தபடியே விட வேண்டும், தளர்ந்தால் சிக்கும்.

ஞாயிறு காலை பத்தே கால். துறையிலேயே பாயை விரித்தார்கள். கயிறு அவள் கையில். நான் கரையில் நின்று, மூன்றாம் வீட்டுக்காரர் மாமியாருக்குப் பயந்து அலமாரிக்குள் ஒளிந்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். சிரித்தபடியே கயிற்றை விட்டு முடித்து அவள் கரைக்குத் தாவினாள். கேப்டனை மட்டும் ஏற்றிக்கொண்டு படகு போனது.

இரண்டு மணிக்குத் திரும்புவதாகச் சொன்னவர் வரவில்லை. மூன்றரைக்கு மூடுபனி இறங்கியது.

நாலு பத்து. துறையில் நாங்கள் இருவர் மட்டும்.

டக்...

முதலில் சத்தம். பிறகுதான் படகு தெரிந்தது. தண்ணீரில் சலசலப்பே இல்லை. கொடி ஒரு பக்கம் பறந்தது. பாய் எதிர்ப்பக்கம் உப்பியிருந்தது.

முனையில் ஒருவர் குனிந்து எதையோ கழற்றிக்கொண்டிருந்தார்.

டக்... டக்...

“அக்கா... அது பழைய பாய்.”

பதினொன்று எண்ணினேன்.

“ஏங்க...” என்றாள்.

அவர் நிமிரவில்லை.

“கயித்த இறுக்கிப் பிடிச்சியா?”

கேப்டன் குரல்தான். கோபமே இல்லை.

பனி மூடியது.

விலகியது.

வெறும் தண்ணீர்.

நாலு இருபத்தைந்துக்கு அவள் போன் அடித்தது. அடுத்த துறைமுகத்து மீட்புக்காரர்கள். ஆளில்லாமல் மிதந்த படகை அவர்கள் பகல் ஒன்றரைக்கே பிடித்து, அங்கே கட்டி வைத்திருந்தார்கள். அது அங்கிருந்து அசையவே இல்லை. கேப்டன் உடல் இன்றுவரை கிடைக்கவில்லை.

மெக்கானிக் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். உருளையில் கயிறு தளர்வாகச் சுற்றி, ஒன்றின்மேல் ஒன்று ஏறி இறுகிக் கிடந்ததாம். அதை விடுவிக்கத்தான் முனைக்குப் போயிருப்பார் என்றார். என்னிடம்தான் சொன்னார். வாழ்நாளில் முதல் தடவையாக ஒரு சேதியை நான் யாருக்கும் சொல்லவில்லை. அவளுக்குச் சொல்ல வேண்டிய தேவையே இருக்கவில்லை.

மூன்று மாதத்தில் வீட்டைக் காலி செய்தாள். கடல் வாடையே வராத மலையூர் ஒன்றில், மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் ஒருவரை மறு வருடம் கல்யாணம் செய்துகொண்டாள். தெருவில் எல்லா வீட்டுக்கும் பத்திரிகை வந்தது. என் வீட்டைத் தவிர.