ஊசி அக்காவின் விடுமுறை

என் அக்காவை அவள் வேலை செய்யும் இடத்தில் ஊசி அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். சட்டை தைக்கும் தொழிற்சாலையில் உடைந்த ஊசிகள் அவள் பொறுப்பு. தையல் மிஷினில் ஊசி உடைந்தால் துண்டுகள் அத்தனையும் அவள் கைக்கு வந்து சேர வேண்டும். அவற்றை அட்டையில் வைத்து, டேப் ஒட்டி, முழு ஊசி ஆகிறதா என்று பார்த்த பிறகுதான் புது ஊசி கொடுப்பாள். ஒரு துணுக்கு குறைந்தாலும் மிஷின் ஓடாது. தைக்கிறவர்கள் கெஞ்சுவார்கள், முறைப்பார்கள், மேலாளர் வந்து கையைப் பிசைவார். அக்கா எதையும் காதில் போட்டுக்கொள்ளாமல் காந்தத்தை எடுத்துக்கொண்டு மேசைக்கு அடியில் தவழ்வாள். யாரோ ஒரு குழந்தையின் சட்டைக் கழுத்தில் அந்தத் துணுக்கு போய் உட்கார்ந்துவிடுமோ என்று பயம். நியாயமான பயம்தான். என் குறை என்னவென்றால், சாயங்காலம் காந்தத்தை வேலையிடத்திலேயே வைத்துவிட்டு வருகிறவள் பயத்தை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுகிறாள்.

வீட்டில் அந்தப் பயத்துக்குத் தீனி போட ஒருத்தி இருக்கிறாள். அக்காவின் மகள், பத்து வயது. வாலு என்று கூப்பிடுகிறோம். ஏன் என்று அவளோடு அரை மணி நேரம் இருந்தவர்கள் கேட்க மாட்டார்கள். வாலுவுக்குப் பிறவியிலிருந்தே காது கேட்காது. காதுக்குப் பின்னால் மெஷினை மாட்டினால் கேட்கும், பேசுவாள், எதிர்த்தும் பேசுவாள். கழற்றிவிட்டால் பக்கத்தில் இடி விழுந்தாலும் தெரியாது. தண்ணீர் பட்டால் அந்த மெஷின் போயிற்று. அதனால் குளிக்கும்போது கழற்றிவிடுவார்கள். அந்த நேரத்துக்கென்று அம்மாவும் மகளும் சொந்தமாகக் கை ஜாடைகள் வைத்திருந்தார்கள். மற்றவர்கள் உதட்டை அசைத்தால் போதும், படித்துவிடுவாள்.

இப்படிப்பட்ட பெண்ணுக்குத் தண்ணீர் என்றால் உயிர். மழைத் தண்ணீர், குழாய்த் தண்ணீர், வாளித் தண்ணீர், எதுவானாலும் சரி. பள்ளிக்கூடத்தில் நீச்சல் வகுப்பு உண்டு. அக்கா ஒவ்வொரு வருஷமும் சளி, காய்ச்சல் என்று ஏதாவது சொல்லி நிறுத்திவிடுவாள். இந்த வருஷம் வாலு ஒற்றைக்காலில் நின்றாள். விடுமுறை என்றால் வாட்டர் பார்க், இல்லாவிட்டால் எங்கேயும் வர மாட்டேன். மாமா, அதாவது அக்காவின் வீட்டுக்காரர், பள்ளி வேன் ஓட்டுகிறவர். பிள்ளைகள் கத்திக் கேட்டால் எதற்கும் சரி சொல்லிப் பழகியவர். அறை எடுத்தாயிற்று. என்னையும் கூப்பிட்டார்கள். துணைக்கு என்றார்கள். இன்னொரு ஜோடிக் கண் வேண்டும் என்பது அதன் அர்த்தம்.

முதல் நாள் பகலிலேயே அக்கா பயந்தது நடந்தது. அலை அடிக்கும் குளத்தில் தலைக்கு மேல் தலை. ஒரு அலை வந்து போனதும் அக்காவின் கையில் வாலுவின் கை இல்லை. மாமா அலுவலகத்துக்கு ஓடினார். கொஞ்ச நேரத்தில் பார்க் முழுக்க மைக்கில் அலறியது, சிவப்பு நீச்சல் உடை போட்ட பெண் குழந்தை எங்கிருந்தாலும் நுழைவாயிலுக்கு வரவும் என்று. சொல்லச் சொல்லிவிட்டுத் திரும்பி வந்த மாமா, பாதி வழியில் நின்று தலையில் அடித்துக்கொண்டார். காது கேட்காத பிள்ளையை மைக் வைத்துக் கூப்பிட்ட குடும்பம் உலகத்திலேயே நாங்கள் ஒன்றுதான் இருக்கும். வாலு எங்கே இருந்தாள் தெரியுமா? உயரமான மஞ்சள் சறுக்குக் குழாய்க்கான வரிசையில், சமர்த்தாக, தன் முறைக்குக் காத்துக்கொண்டு. எங்களைப் பார்த்ததும் கையை ஆட்டினாள். எனக்குப் போன உயிர் வந்தது. அக்காவுக்கு வந்ததா என்று தெரியவில்லை. பிள்ளையை வரிசையிலிருந்து இழுத்துக்கொண்டு நேராக அறைக்கு வந்துவிட்டாள்.

"போதும். நாளைக்கு ரூம்லயே இருப்போம். நாளன்னிக்குக் காலைல ஊருக்குக் கிளம்பறோம்."

வாலு அழவில்லை. மெஷினைக் கழற்றித் தலையணைக்கு அடியில் வைத்தாள், கண்ணையும் இறுக்கி மூடிக்கொண்டாள். கோபம் வந்தால் அப்படித்தான் செய்வாள். கதவைச் சாத்திக்கொள்ள அவளுக்குத் தனி அறை தேவையில்லை.

மறுநாள் மத்தியானம் வரவேற்பறையில் ஒரு பலகையைப் பார்த்தேன். இன்று சாயங்காலம், பார்க் மூடிய பிறகு, இங்கே தங்கியிருக்கிறவர்களுக்கு மட்டும் தனியாகத் திறப்பார்களாம். எனக்கு மூக்கு வேர்த்தது. ஓடிப்போய் அறையில் சொன்னேன்.

"கூட்டமே இருக்காதுக்கா. வரிசை கிடையாது. நேத்து கூட்டத்துலதானே விட்டோம்?"

"இருட்டாயிடுமேடி," என்றாள் அக்கா.

"லைட் போடாமலா விடுவாங்க?"

அக்கா நம்பவில்லை. வரவேற்பறைக்கு போன் போட்டு, நாங்களும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் வைத்தாள். எடுத்த பெண் நல்ல பெண். அவளுக்கு என்ன தெரியும், பாவம்.

"வெளிச்சம் எப்படிம்மா இருக்கும்?"

"சூப்பரா இருக்கும் மேடம். செவப்பு, நீலம், பச்சைன்னு மாறி மாறி வரும். நடுவுல கொஞ்ச நேரம் மொத்தமா அணைச்சு அணைச்சுப் போடுவாங்க."

அக்கா என்னைப் பார்த்த பார்வையில் நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"பாட்டு?"

"டி.ஜே. மேடம்! பக்கத்துல நின்னு கத்தினாக்கூட ஒருத்தருக்கும் கேக்காது!"

அந்தப் பெண் அதைப் பெருமையாகத்தான் சொன்னாள். அக்கா போனை வைத்துவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்து துண்டின் ஓரத்தை முறுக்கிக்கொண்டே இருந்தாள். வெளிச்சம் இல்லையென்றால் உதடு தெரியாது, கை ஜாடை தெரியாது. அணைத்துப் போடும் அந்த நேரத்தில் பிள்ளைக்குக் காதும் இல்லை, கண்ணும் இல்லை. நல்ல யோசனை சொன்னாய் என்று என்னை நானே திட்டிக்கொண்டேன்.

ஆனால் அக்கா உடனே முடியாது என்று சொல்லிவிடவில்லை. அதுதான் எனக்கு ஆச்சரியம். முதல் நாள் வரிசையிலிருந்து இழுத்து வந்தபோது பிள்ளையின் முகம் போன போக்கு அவளையும் உறுத்திக்கொண்டுதான் இருந்திருக்கிறது. முடிவு சொல்வதற்கு முன்னால் சோதித்துப் பார்த்துவிடலாம் என்றாள். தொழில் புத்தி. வாலுவின் மெஷினைக் கழற்றச் சொல்லி, குளியலறைக்குள் கூட்டிக்கொண்டு போய், ஷவரைத் திறந்து, விளக்கை அணைத்தாள். இருட்டில் உள்ளங்கையில் விரலால் எழுதினால் புரிகிறதா என்று பார்க்க வேண்டுமாம். நானும் மாமாவும் கதவுக்கு வெளியே நின்றோம்.

"என்ன எழுதப் போறே?" என்று மாமா கேட்டார்.

"நில்னு. அது ஒண்ணு புரிஞ்சாப் போதும்."

உள்ளே தண்ணீர் விழும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு தடதடவென்று ஓசை, கதவு திறந்தது, வாலு சொட்டச் சொட்ட ஓடி வந்து ஜன்னல் திரையை விலக்கினாள்.

"எங்க? காணோமே!" மெஷின் இல்லாதபோது அவள் குரல் எட்டு வீட்டுக்குக் கேட்கும்.

"என்னது காணோம்?" என்று மாமா உதட்டை அசைத்தார்.

"நிலா! அம்மா நிலான்னு எழுதினா!"

நில் என்றுதான் அக்கா எழுதியிருக்கிறாள். ஈரக் கையில் கடைசிப் புள்ளி பதியவில்லை. நில என்று நின்றதை வாலுவே இழுத்து நிலா ஆக்கிக்கொண்டாள். பட்டப்பகலில் ஒருத்தி நிலாவைத் தேடுகிறாளே என்று எனக்கும் மாமாவுக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அக்கா சிரிக்கவில்லை. குளியலறை வாசலில் நனைந்த உடையோடு நின்றாள். முகத்தில் ரத்தமே இல்லை.

"நில்லுன்னு சொன்னேன். ஓடினா," என்றாள்.

மாமாவின் சிரிப்பு நின்றது.

"அது விளையாட்டுக்குப் பண்ணினதுதானே..."

"அங்க ஆழத்துக்குப் பக்கத்துல நில்னு எழுதுவேன். நிலாவத் தேடிட்டு ஓடுவாளா?"

"அதுக்காக? அவ ஆயுசு முழுக்க வாளித் தண்ணியிலயே குளிக்கணுமா?" மாமா குரலை உயர்த்தி நான் அதிகம் கேட்டதில்லை. "வேன்ல நாப்பது பிள்ளைங்கள ஏத்தி இறக்கறேன். ஒருத்திய என்னால பாத்துக்க முடியாதா?"

"அந்த நாப்பதும் கூப்பிட்டாத் திரும்பிப் பாக்கும்!" அக்கா வெடித்துவிட்டாள். "எங்க விழுந்தாலும் என் குரல் அவளுக்குப் போய்ச் சேராதுங்க. நேத்து அந்த மைக்ல அவளக் கூப்பிட்டாங்களே, பார்க்குல அத்தன பேரும் திரும்பிப் பாத்தாங்க, அவளத் தவிர. நான் அம்மா. என் பிள்ளைய என்னால கூப்பிட முடியாது. அது என்னன்னு உங்களுக்கெல்லாம் புரியாது."

அக்கா பயந்தாங்கொள்ளி என்று எத்தனையோ முறை கேலி செய்திருக்கிறோம். அந்தப் பயத்துக்குள் இப்படி ஒன்று இருந்ததை அன்றுதான் கேட்டேன். போகப்போவதில்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டது. மாமாவுக்கும் தெரிந்துவிட்டது, செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே கிளம்பப் பார்த்தார்.

வாலு ஜன்னல் பக்கத்திலிருந்து எங்கள் மூன்று பேர் உதட்டையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். போய்த் தலையைத் துவட்டினாள். மெஷினை மாட்டிக்கொண்டாள்.

"அங்க போடற பாட்டுல ஒருத்தருக்கும் ஒண்ணும் கேக்காதா?"

"கேக்காதாம்," என்றேன் நான்.

"உங்களுக்கும் கேக்காதா? அப்பாவுக்கு?"

"யாருக்குமே கேக்காதுடி."

கொஞ்சம் யோசித்தாள். பிறகு அக்காவின் முன்னால் போய் நின்றுகொண்டு, வகுப்பு எடுப்பது போல ஆரம்பித்தாள்.

"அப்ப நீங்க மூணு பேருதான் தொலஞ்சு போவீங்க. எனக்குப் பழக்கம், உங்களுக்குப் பழக்கம் இல்ல. கத்தாதீங்க, கத்தினா வாய் வலிக்கும், யாரும் வர மாட்டாங்க. கலர் மாறாத லைட்டு எங்க இருக்குன்னு பாத்து அதுக்குக் கீழ நில்லுங்க. நான்தான் உங்களத் தேடி வரணும், நீங்க என்னத் தேடக்கூடாது. எல்லா லைட்டும் அணைஞ்சா நடக்கக்கூடாது, இருக்கற இடத்துலயே உக்காந்துடணும்."

"உக்காரணும்னு உனக்கு யார் சொன்னா?" என்று அக்கா கேட்டாள்.

"யாரும் சொல்லல. வீட்ல கரண்ட் போனா அப்படித்தான் பண்ணுவேன். மெஷின் இல்லாதப்ப."

அக்கா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். மின்சாரம் போகும் இரவுகளில் தன் பிள்ளை இருட்டில் தனியாக என்ன செய்கிறாள் என்பது அவளுக்குத் தெரியாமல் இருந்திருக்கிறது. கண்ணில் நீர் கட்டிக்கொண்டது.

"வேற என்ன பண்ணணும், சொல்லு," என்றாள்.

சாயங்காலம் போனோம். அக்கா முதலில் போய் நின்றது குளத்துக்காரரிடம், குளத்தங்கரையில் உயரமான நாற்காலியில் உட்கார்ந்து காவல் பார்க்கிறாரே, அவரிடம்.

"இவளுக்குக் காது கேக்காதுங்க. விசில் அடிச்சாத் தெரியாது."

"இந்தப் பாட்டுல என் விசில் யாருக்கும்மா கேக்கும்?" என்றார் அவர். "நாங்க டார்ச்தான் அடிப்போம். தண்ணில டார்ச் விழுந்தா வெளிய வந்துடணும். லைட் அணைக்கறதுக்கு முன்னாடி எல்லாரையும் கரைக்கு ஏத்திடுவோம்." வாலுவின் முன்னால் டார்ச்சை அடித்துக் காட்டினார். அவள் தலையாட்டினாள். அன்று பார்க்கில் காது கேட்கிறவர்களுக்கும் அந்த டார்ச் ஜாடைதான்.

இருட்டத் தொடங்கியதும் பாட்டு ஆரம்பித்தது. நெஞ்சுக்குள் உரலில் இடிப்பது போல இருந்தது. மாமா என் காதருகில் வந்து ஏதோ கத்தினார், ஒரு எழுத்துக்கூட விளங்கவில்லை. இரண்டு பேரும் திருதிருவென்று விழித்தோம். வாலு சொன்னபடியே வெள்ளை விளக்கு ஒன்றைக் கண்டுபிடித்து அதன் கீழ் நின்றுகொண்டோம். வாலு மெஷினைக் கழற்றி அம்மாவிடம் கொடுத்துவிட்டு மஞ்சள் குழாய்க்கு ஓடினாள். அக்கா கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாள். சிவப்பு வெளிச்சத்தில் படியேறுவது தெரிந்தது. நீலம் வந்தபோது காணவில்லை. அக்காவின் நகங்கள் என் முழங்கையில் பதிந்தன. நான் கையை எடுக்கச் சொல்லவில்லை, சொன்னாலும் கேட்டிருக்காது.

குழாயின் வாய் தண்ணீரோடு அவளைக் கக்கியது. எழுந்து, மூக்கைத் துடைத்து, நாலு பக்கமும் பார்த்து, வெள்ளை விளக்கைப் பிடித்துவிட்டு நேராக எங்களிடம் வந்தாள். அம்மாவைப் பார்த்து வயிற்றில் கையை வைத்துப் பிசைந்து, புருவத்தை உயர்த்தினாள். பயந்தியா என்று கேட்கிறாள். அந்தக் கேள்விக்கு அக்கா எப்போதும் இல்லை என்றுதான் தலையாட்டுவாள். இந்தத் தடவை இரண்டு கையையும் தன் வயிற்றில் வைத்து, பிசை பிசை என்று பிசைந்தாள்.

வாலு சிரித்தாள். ஈரக் கையை அம்மாவின் வயிற்றில் வைத்து, குழந்தையைத் தட்டுவது போலக் கொஞ்ச நேரம் தட்டிக்கொடுத்தாள். பிறகு மஞ்சள் குழாயைக் காட்டி ஒரு விரலை நீட்டினாள். இன்னும் ஒரு தடவை.

அக்கா கையைத் தூக்கினாள், தூக்கிய கை அப்படியே நின்றது. வா, நில், போதும், சாப்பிடு, தூங்கு எல்லாவற்றுக்கும் அவர்களிடம் ஜாடை உண்டு. போ என்பதற்கு இத்தனை வருஷத்தில் ஒன்று தேவைப்பட்டதே இல்லை. அக்கா கொஞ்சம் தடுமாறி, உள்ளங்கையால் காற்றை மெதுவாக அந்தப் பக்கம் தள்ளினாள். வாலு அதையே திருப்பிச் செய்து காட்டி, இதுதானா என்று அம்மாவைப் பார்த்தாள். அக்கா ஆமாம் என்று தலையாட்டினாள்.