காணி உறுதியோடு அருவிக்குப் போனேன்

இந்த நாட்டில் ஒரு பெண் பெரிய பையொன்றை முதுகில் மாட்டிக்கொண்டு ஞாயிறு காலையில் தெருவில் இறங்கினால் வெள்ளைக்காரர் புன்னகைக்கிறார்கள், நம்மவர்கள் பயப்படுகிறார்கள். ஹவுன்ஸ்லோவில் எங்கள் தெருவில் மூன்று மாதம் இதை அனுபவித்தேன். பைக்குள் ஐந்து கிலோ அரிசிப் பைகள் இரண்டு, தண்ணீர்ப் போத்தல்கள் இரண்டு. பூங்காவை நாலு தரம் சுற்றிவிட்டு வீடு திரும்புவேன். எதிர்வீட்டு ஆங்கிலேயர் ஒவ்வொரு வாரமும் கையசைத்து, விடுமுறை நன்றாக அமையட்டும் என்று வாழ்த்துவார். போன சூட்டோடு நான் திரும்பி வருவதைப் பார்த்து, பிளேனைத் தவறவிட்டுவிட்டீர்களா என்று ஒரு நாள் உண்மையான கவலையோடு கேட்டார். மூன்றாம் வீட்டுப் புங்குடுதீவு அக்காவின் கவலை வேறு. என்னைக் கேற்றடியில் மறித்துக் குரலைத் தாழ்த்தினார்.

"என்ன பிள்ளை, அவரோடை ஏதும் கோவமோ? எங்கை வெளிக்கிட்டிட்டீர்?"

"ஒரு கோவமும் இல்லை அக்கா. நடந்து பழகிறன்."

"சுமையோடையோ?"

புருஷனோடு சண்டை என்று சொல்லியிருந்தால்கூட அவர் என்னை அவ்வளவு பரிதாபமாகப் பார்த்திருக்க மாட்டார்.

அமெரிக்காவில், அரிசோனாப் பாலைவனத்தில், ஒரு பழங்குடி மக்களுக்குச் சொந்தமான பள்ளத்தாக்கு இருக்கிறது. உள்ளே போக வீதி இல்லை. சிவப்புக் கல்மலையின் விளிம்பில் காரை விட்டுவிட்டுப் பத்து மைல் கீழே நடக்க வேண்டும். அங்கே பாலைவனத்தின் நடுவில், நீலச் சாயம் கரைத்தது போன்ற தண்ணீர் அருவி அருவியாக விழுகிறது. என் மகள் அபி தோழியோடு போவதற்கு அனுமதி எடுத்திருந்தாள். தோழிக்கு வரமுடியாமல் போயிற்று. "அம்மா, யூ வோண்ட் டு கம்?" என்று அவள் கேட்டது பகிடிக்குத்தான். நான் "ஓம், வாறன்" என்றது பகிடிக்கு இல்லை.

இவர், என் கணவர், வெங்காயம் வெட்டிய கத்தியைக் கீழே வைத்தார். "நாங்கள் நடந்தது காணாதோ? சுமந்தது காணாதோ? ஐம்பத்தாறு வயசிலை, அந்த முழங்காலோடை, உனக்கென்ன விசரே?"

அவர் எதைச் சொல்கிறார் என்று எனக்குத் தெரியும். போர் நெருங்கி, வலிகாமத்துச் சனம் முழுவதும் ஊரைவிட்டு ஒரேயடியாக வெளிக்கிட்ட அந்த ஐப்பசி மழையில் நானும் நடந்தேன். தலையில் சூட்கேஸ். இடுப்பில், பொலித்தீன் பைக்குள் சுற்றிக் கட்டிய வசாவிளான் காணி உறுதி, எங்கள் நிலத்துப் பத்திரம். அந்தக் காணியை விட்டு அதற்கு ஐந்து வருடம் முன்பே எங்களை எழுப்பிவிட்டிருந்தார்கள். நாவற்குழிப் பாலத்தில் முன்னேயும் போகமுடியவில்லை, பின்னேயும் வரமுடியவில்லை. பின்னால் நின்ற சனம் தள்ளத் தள்ளக் கால் தன்பாட்டில் நகர்ந்தது. சூட்கேஸை எங்கே போட்டேன் என்று இன்றுவரை ஞாபகமில்லை. அன்று நான் வைத்த அடிகளில் ஒன்றுகூட என் விருப்பத்தில் வைத்ததில்லை.

அதற்காக இனி நடக்கவே கூடாதா? நடந்தது காணும், போதும் என்று தனக்காகச் சொல்ல இவருக்கு உரிமை இருக்கிறது. எனக்காகச் சொல்ல இல்லை. வீட்டைப் பறித்தார்கள், காணியைப் பறித்தார்கள். நடையையும் நானே கொண்டுபோய்க் கொடுக்க வேண்டுமா? என் சுமையை நானே கட்டி, நானே தூக்கி, போக நினைத்த இடத்துக்குப் போய், வர நினைத்தபோது என் காலால் ஏறி வர வேண்டும். ஒருமுறையாவது. இதுதான் எனக்கு வேண்டியிருந்தது. இவர் மூன்று நாள் என்னோடு பேசவில்லை. வீடு அமைதியாக இருந்தது, நானும் நன்றாகப் பயிற்சி செய்தேன்.

நான் ஹீத்ரோவில் பயணிகளின் பைகளைச் சோதிக்கும் வேலை செய்கிறவள். ஸ்கிரீனில் ஒரு பையைப் பார்த்தாலே ஆளைச் சொல்வேன். உல்லாசப் பயணிகள் போகிற இடத்தை நினைத்துப் பை அடுக்குகிறார்கள். நம்மவர்கள் திரும்பி வரமுடியாமல் போனால் என்று நினைத்து அடுக்குகிறார்கள். இரண்டு கிழமைப் பயணத்துக்குக் கல்யாண அல்பமும் பத்தாம் வகுப்புச் சான்றிதழும் எதற்கு என்று நான் எத்தனையோ தரம் உள்ளுக்குள் சிரித்திருக்கிறேன்.

மலை விளிம்பில் விடியற்காலையில் அபி என் பையைத் தூக்கிப் பார்த்தாள். நாங்கள் பேசி வைத்த நிறையைவிடக் கூட. திறந்து கிளறி, அடியிலிருந்து கடதாசிகள் அடுக்கிய தடித்த பிளாஸ்டிக் கோப்பு ஒன்றை இழுத்தெடுத்தாள். பிறப்புச் சான்றிதழ்கள், பிரஜாவுரிமைப் பத்திரம், பழைய அகதி விண்ணப்பக் கடிதங்கள், எல்லாவற்றுக்கும் மேலே காணி உறுதி.

"அம்மா, ஆர் யூ சீரியஸ்? நாங்க வோட்டர்ஃபோல் பாக்கப் போறம். இதை காரிலை விடுங்கோ."

"காரை உடைச்சால்?"

"ஆர் உடைக்கிறது? பாம்போ?"

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. தேவையானதை மட்டும் சுமந்து வாருங்கள் என்று வழிகாட்டிக் குறிப்பிலும் எழுதியிருந்தது. எனக்குத் தேவையானது எது என்று அதை எழுதியவருக்கு எப்படித் தெரியும்? கோப்பினை வாங்கித் திரும்ப உள்ளே வைத்தேன். மாற்றுச் சப்பாத்தைக் காரில் விட்டேன்.

கீழே கிராமத்தில் ஓர் அலுவலகம். மேசைக்குப் பின்னால் என் வயதுப் பெண், அந்த மண்ணின் ஆள். அடையாளம் காட்ட ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் ஒன்று கேட்டால் நாங்கள் பத்துக் கொடுப்போம். குறைந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று பழகிய கை. கோப்பு முழுவதையும் எடுத்து மேசையில் பரப்பினேன். அபி முகத்தைப் பொத்திக்கொண்டாள். அந்தப் பெண் சிரிக்கவில்லை. கடவுச்சீட்டைப் பார்த்துப் பெயரை எழுதியபின், முத்திரைகளோடு மஞ்சளித்துப்போன உறுதியில் அவர் கண் நின்றது.

"இது என்ன?"

"என் நிலத்தின் பத்திரம்."

"இப்போது அங்கே யார் இருக்கிறார்கள்?"

"இராணுவம். முப்பது வருடத்துக்கு மேல்."

அவர் பேனாவால் மேலே காட்டினார். "நீங்கள் காரை விட்ட இடம், அதற்கு அப்பால் உள்ள காடு, எல்லாம் எங்கள் ஆட்கள் திரிந்த நிலம். அரசாங்கத்தார் அதை எடுத்துக்கொண்டு எங்களைக் கீழே தள்ளிவிட்டார்கள். என் தாய் வளர்ந்த காலம் முழுக்க அது எங்களிடம் இல்லை. பிறகு கொஞ்சம் திரும்பி வந்தது." உறுதியை மடிப்புக் குலையாமல் இரண்டு கையாலும் என்னிடம் தந்தார். "தண்ணீர் நிறையக் குடியுங்கள். நான்காம் நாள் வெளியேறிவிட வேண்டும்."

வெளியேறு என்று எனக்குப் பலபேர் சொல்லியிருக்கிறார்கள். நிலத்துச் சொந்தக்காரர் ஒருவர் சொல்லிக் கேட்டது அதுதான் முதல் தடவை. மனம் நோகவில்லை. உள்ளூரச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

அருவியைப் பற்றி எழுத எனக்குத் தமிழ் போதாது. படத்தில் பார்த்த நீலம் பொய்யென்று நினைத்திருந்தேன். நேரில் அது இன்னும் நீலம். பையைக் கரையில் வைத்துவிட்டு, போட்டிருந்த சுரிதாரோடு கழுத்தளவுக்கு இறங்கினேன். பையிலிருந்து கண்ணை எடுக்கவேயில்லை என்று சொன்னால் பொய். எடுத்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. அபி கூப்பிட்டபோதுதான் பை என்று ஒன்று இருப்பதே நினைவு வந்தது.

நான்காம் நாள் காலை, கூடாரத்துக்கு முன்னால் ஒரு கோவேறு கழுதையோடு ஒருவர் நின்றார்.

"அப்பா ஃபோனிலை சொன்னவர். உங்கட பை அதிலை வரட்டும்," என்றாள் அபி, என்னைப் பார்க்காமல். "முழங்கால் வீங்கியிருக்கு அம்மா. ப்ளீஸ்."

வீங்கித்தான் இருந்தது. நான் கழுதைக்காரரிடம் நன்றி சொல்லி அனுப்பிவிட்டேன். பையை மாட்டி இடுப்புப் பட்டியை இறுக்கினேன். கடைசி மைல் செங்குத்து. பாதை வளைந்து வளைந்து ஏறியது. வெயில் பாறையில் அடித்து முகத்தில் எறித்தது. பத்து அடிக்கு ஒருதரம் நின்றேன். அபி என் பைக்குக் கை நீட்டினாள். "விடு," என்றேன். கோபமாகத்தான் சொன்னேன். அதன்பிறகு அவள் முன்னால் ஓடாமல் எனக்குப் பின்னால், என் வேகத்தில் நடந்தாள். பின்னால் ஆள் இருந்தும் என்னை ஒருவரும் தள்ளவில்லை. அழுகை வந்தது, அழுதுகொண்டே ஏறினேன். ஏழு மணித்தியாலம் பிடித்தது.

மேலே ஒரு கொட்டகையில் வெளியேறுகிறவர்கள் கையொப்பமிடும் கொப்பி. பெயர், ஊர். முன்னால் போனவர்கள் ஒரு வரியில் முடித்திருந்தார்கள். அபியும் தன் வரியை எழுதிவிட்டுக் காரைத் திறக்கப் போனாள். நான் பெயரை எழுதி, ஹவுன்ஸ்லோ என்று எழுதினேன். அடுத்த வரியில் வசாவிளான் என்று தமிழில் எழுதினேன். எனக்குப் பின்னால் நின்ற இளைஞர் தன் இடம் நிரம்பிவிட்டதைப் பார்த்துச் சுற்றுமுற்றும் தேடினார்.

"நீங்கள் இரண்டு பேரா?"

"இல்லை," என்றேன். "நான் ஒருத்திதான். நீங்கள் அடுத்த வரியில் எழுதுங்கள்."